மோரிஸ் தீவும் முருங்கைக் கீரையும்

பழக்கடைக்குப் போகிற நம்மவர் எல்லாரும் ஒரு தடவையாவது 'மோரிஸ் பழம்' வாங்கியிருப்பார்கள். அந்த மோரிஸ் என்பவர் யார், வெள்ளைக்காரத் துரையா அல்லது தோட்டக்கலை நிபுணரா என்று சிறு பிராயத்தில் எனக்கு ஒரு பெரிய சந்தேகம் இருந்தது. துரையுமில்லை, நிபுணருமில்லை; அது ஒரு தீவின் பெயர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மொரீஷியஸ் என்பதுதான் நம் ஜனங்களின் வாயில் மோரிஸ் ஆயிற்று என்கிறார்கள். அந்தத் தீவிலிருந்து 1829-ம் வருஷ வாக்கில் சில வாழைக் கன்றுகள் இங்கிலாந்துக்குப் போயின. அங்கே ஒரு பிரபுவின் கண்ணாடித் தோட்டத்தில் அவை வளர்ந்து, பிறகு உலகமெங்கும் பரவின. அதற்குச் சில வருஷங்களுக்குப் பின் நம் நாட்டிலிருந்து மனிதர்கள் கப்பல் கப்பலாக அந்தத் தீவுக்குப் போனார்கள். கன்றுகள் பிரசித்தி அடைந்தன. மனிதர்களைப் பற்றி நாம் அவ்வளவாக விசாரிக்கவில்லை.

சென்ற நவம்பரில் பத்து நாள் அவகாசம் கிடைத்தபோது எங்கே போவது என்று வீட்டில் ஒரு மகாநாடு கூடிற்று. என் மனைவி, "நல்ல கடற்கரை இருக்க வேண்டும்" என்றாள். அம்மா, "வாய்க்கு ருசியாகச் சைவச் சாப்பாடு கிடைக்க வேண்டும்" என்றாள். இந்த இரண்டு தீர்மானங்களையும் ஒருங்கே நிறைவேற்றக்கூடிய ஊராக எனக்குப் பட்டது மோரிஸ் தீவு. அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது என்பதையும், அந்தத் தீவில் தெருப் பாஷை கிரியோல், பத்திரிகைப் பாஷை பிரெஞ்சு, சர்க்கார் பாஷை இங்கிலீஷ் என்பதையும் நான் எடுத்துச் சொன்னேன். "பசித்தால் கையைக் காட்டிக் கேட்டுக்கொள்கிறேன், போ" என்று அம்மா விவாதத்தை முடித்துவிட்டாள்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்துமகா சமுத்திரத்தில் கிடக்கும் இந்தத் தீவின் பரப்பு ஏறத்தாழ 1,865 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சற்றே பெரியது. விமானம் தாழ இறங்கும்போது முதலில் தெரிவது கடலுக்குள்ளேயே ஓடும் ஒரு வெள்ளைக் கோடு. அதுதான் பவழப் பாறை. வெளிச் சமுத்திரத்தின் அலைகள் எல்லாம் அந்தக் கோட்டில் மோதி நுரைத்து அடங்கிவிடுகின்றன. உள்ளே கரைவரையில் நீர் குளம்போல் கிடக்கிறது. கரையைத் தாண்டினால் கரும்பு. மலையடிவாரம்வரை கரும்பு. சாலைக்கு இரு புறமும் கரும்பு. வயல்களின் நடுவே கருங்கற்களைக் கோபுரம் கோபுரமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எரிமலை கக்கிய கற்கள் அவை. தீவு முழுவதும் எரிமலையால் ஆனது. கரும்பு நடுவதற்காக மண்ணிலிருந்து ஒவ்வொரு கல்லையும் பெயர்த்துத் தலையிலும் கையிலும் சுமந்து அங்கே அடுக்கியவர்கள் மனிதர்கள். யந்திரங்கள் வந்தது வெகு காலத்துக்குப் பிறகு. என் மனைவி அந்தக் கற்குவியல்களைப் பார்த்து ஏதோ புராதனக் கோயில் என்றே நினைத்துவிட்டாள்.

நாங்கள் தங்கியது தீவின் கீழ்க்கரையில், பெல் மார் என்ற கிராமத்துக்கு அருகில் ஓர் அம்மாளின் வீட்டில். அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மாடியில் இரண்டு அறைகளைப் பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார். அவருடைய முன்னோர் தமிழர். எந்த ஊர், எந்த ஜில்லா என்று கேட்டால், "கப்பல் சென்னைப் பட்டணத்திலிருந்து வந்தது; அவ்வளவுதான் தெரியும்" என்கிறார். தினமும் விளக்கேற்றிச் சுவாமி படத்தின் முன் நின்று தமிழில் ஒரு தோத்திரம் சொல்கிறார். அதன் அர்த்தம் அவருக்குத் தெரியாது. எங்களிடம் இங்கிலீஷில் பேசினார். அம்மாவை மட்டும் "அம்மா" என்று கூப்பிட்டார். மேற்கொண்டு என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. முதல் இரண்டு நாள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஃப்ளாக் என்ற பக்கத்து ஊரில் பெரிய சந்தை கூடும் தினம். வீட்டு அம்மாள் எங்களையும் அழைத்துப் போனார். துணிக்கடைகளைக் கடந்து காய்கறிப் பக்கம் போனதும் கும்பலில் அம்மாவைக் காணோம். திரும்பிப் பார்த்தால், ஒரு கீரைக் கடைக்கு முன்னால் சிலைபோல் நிற்கிறாள். கடைக்காரி ஆப்பிரிக்க வம்சத்தைச் சேர்ந்த கிரியோல் ஸ்திரீ. சுருட்டை முடிமேல் துணி கட்டியிருக்கிறாள். கையில் ஒரு கொத்து இலையைத் தூக்கிப் பிடித்து, "கரிபூலே! கரிபூலே!" என்று கூவுகிறாள். அது கறிவேப்பிலை.

"கேட்டாயாடா?" என்றாள் அம்மா. அப்புறம் அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. கடைக்காரி பக்கத்துக் கட்டைக் காட்டி "கொத்தொமிலி" என்றாள். கொத்தமல்லி! அதற்கடுத்த கட்டு "ப்ரேத் முரும்". ப்ரேத் என்றால் அங்கே கீரை. முரும் நம்முடைய முருங்கை. அடுத்த கடையில் நீளமாக, வரிவரியாக ஒரு காய்: "பிப்பங்காய்." பீர்க்கங்காய்தான் அது, பிரெஞ்சுக்காரர் தெருவில் இருநூறு வருஷம் திரிந்ததில் நாக்குச் சற்றுப் பிறழ்ந்திருக்கிறது. "ஷூஷூ" என்று ஒருவர் காட்டியது சௌசௌ. அரை மணி நேரத்தில் அம்மா எங்கள் உதவியின்றி ஒரு பை நிறையக் காய்கறி வாங்கிவிட்டாள். பிரெஞ்சும் இங்கிலீஷும் படித்த நானும் என் மனைவியும் பையைச் சுமந்துகொண்டு பின்னால் போனோம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் கிரியோல் ஸ்திரீ தமிழ்ச் சொல் எதையும் தான் சொல்வதாக நினைக்கவில்லை. தன் சொந்தப் பாஷையைத்தான் பேசினாள். அவள் நினைப்பதும் சரியே. தமிழன், போஜ்புரிக்காரன், சீனன், ஆப்பிரிக்கன், பிரெஞ்சுக்காரன் எல்லாரும் ஒரே சந்தையில் காய் வாங்கினால் ஒரு பெயர்தானே நிலைக்க முடியும்? கறிவேப்பிலைக்குத் தமிழன் வைத்த பெயர் வென்றிருக்கிறது. பக்கத்திலுள்ள ரெயூனியன் தீவிலும் அதே இலைக்கு 'கலுபிலே' என்று பெயர்.

பணம் கொடுக்கும்போது இன்னொரு வேடிக்கை. மொரீஷியஸ் நோட்டுகளில் இங்கிலீஷுக்குக் கீழே தமிழ் எழுத்து இருக்கிறது. அம்மா ஒரு நோட்டை வெளிச்சத்தில் பிடித்து, "ஐம்பது ரூபாய்" என்று உரக்கப் படித்தாள். அதைக் கேட்டு நாலு கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டு அம்மாள் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். தினமும் கையில் புரளும் நோட்டில் அது எழுதியிருக்கிறது என்று தெரியும், ஆனால் யாரும் படித்துக் கேட்டதில்லை என்றார். 1998-ல் தமிழை இறக்கி ஹிந்தியை மேலே வைத்து நோட்டு அச்சடித்தார்கள். தமிழ் வம்சத்தார் கொதித்தெழுந்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் மிகச் சிலரே. பள்ளிக்கூடத்தில் விரும்பினால் படிக்கலாம். பேசாத பாஷைக்கு இவ்வளவு ஆத்திரமா என்று வாசகர்கள் கேட்கலாம். பேசுகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, பேசாதவர்களுக்குத்தான் எழுத்தாவது நிற்க வேண்டும் என்ற தவிப்பு என்று எனக்குத் தோன்றியது.

சந்தை வாசலில் சாப்பாட்டுக் கடைகள். 'காத்தோ பிமான்' என்கிறார்கள்; மிளகாய் போட்ட பருப்பு வடை. ஆனால் அதை அவர்கள் தின்னும் விதத்தைப் பார்த்து அம்மா திகைத்துப் போனாள். நீண்ட ரொட்டியை இரண்டாகப் பிளந்து, வெண்ணெய் தடவி, நடுவில் நாலு வடையை நசுக்கி வைத்துக் கொடுக்கிறார்கள். "வடைக்கு இந்தக் கதியா!" என்றாள். கதி ஒன்றும் மோசமில்லை. நான் இரண்டு தின்றேன். தீவின் பிரசித்தமான ஆகாரம் 'டால் பூரி': மாவுக்குள் வெந்த பருப்புத் தூளை வைத்து மெல்லியதாகத் தேய்த்துத் தோசைக் கல்லில் சுட்டது. எப்போதும் இரண்டாகவே தருவார்கள். உள்ளே பெரிய அவரைக் கொட்டைக் குழம்பு, தக்காளி 'ருகாய்', பச்சை மிளகாய்த் துவையல். ருகாய் என்ற பெயர் நம் ஊறுகாயிலிருந்து வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. பதார்த்தம் என்னவோ தக்காளித் தொக்குக்குத்தான் நெருங்கிய உறவு. அன்னாசிப் பழத்தைச் சுருள் சுருளாகச் சீவிக் காம்பைப் பிடியாக விட்டு, புளியும் மிளகாய் உப்பும் தடவித் தருகிறார்கள். சப்ஜா விதை மிதக்கும் குளிர்ந்த பாலுக்கு 'அலூடா' என்று பெயர். வனிலா வாசனை போட்ட தேயிலையும் உண்டு; அதை மட்டும் அம்மா ஒரு வாய்க்கு மேல் குடிக்க மறுத்துவிட்டாள்.

மலைப் பக்கத்தில் ஷமரெல் என்ற இடத்தில் ஏழு நிற மண் இருக்கிறது. பிரயாணிகள் எல்லாரும் போகிறார்கள், நாங்களும் போனோம். படத்தில் இன்னும் நன்றாயிருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு சொன்னபிறகு அது எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று வேளையும் சோறும் ரொட்டியும் தின்னும் இந்தத் தீவில் அரிசியும் கோதுமையும் கப்பலில்தான் வருகின்றன. நல்ல நிலத்தையெல்லாம் கரும்பு பிடித்துக்கொண்டுவிட்டது. டச்சுக்காரர் 1639-ல் ஜாவாவிலிருந்து கரும்பைக் கொண்டு வந்தார்கள். பிரெஞ்சுக்காரர் அடிமைகளைக் கொண்டு வந்து அதைப் பயிரிட்டார்கள். 1810-ல் தீவைப் பிடித்த ஆங்கிலேயர் சர்க்கரையையே தீவின் தொழிலாக்கினார்கள். 1835 பிப்ரவரி 1-ந் தேதி அடிமைத்தனம் ஒழிந்தது. ஒழியப் போகிறது என்று தெரிந்தவுடனே, 1834 நவம்பர் 2-ந் தேதி, ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் இந்தியாவிலிருந்து வந்து நின்றது. அது முதல் 1920 வரை கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து வந்து இறங்கியவர்கள் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர். போர்ட் லூயி நகரத்தில் அவர்கள் இறங்கி ஏறிய கற்படிகளை 'ஆப்பிரவாசி காட்' என்று பெயரிட்டுப் பாதுகாத்து வருகிறார்கள். 2006-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. சின்னஞ்சிறு படிகள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே நின்றாள்.

ஆணுக்கு மாதம் ஐந்து ரூபாய் சம்பளம். அதோடு அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் அளந்து கொடுப்பார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதியார் பாடியது நம்மில் எல்லாருக்கும் தெரியும். மோரிசுக் கரும்பும் அந்த ஜாதிதான். 1901-ல் தென் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் காந்திஜி இங்கே மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தங்கினார். பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், அரசியலில் பங்கு கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனார். 1907-ல் மணிலால் டாக்டர் என்ற வக்கீல் வந்து கூலிகளுக்காகக் கோர்ட்டுகளில் வாதாடினார். அப்படியும் 1943 செப்டம்பர் 27-ந் தேதி, கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த பெல் வ்யூ ஆரெல் தோட்டத்துத் தொழிலாளர்மீது போலீஸார் சுட்டார்கள். மாண்டவர்களில் ஒருத்தி கர்ப்பிணி. பெயர் அஞ்சலை. சர்க்கார் தஸ்தாவேஜில் 'கூப்பன்' என்று எழுதியிருக்கும் அவளுடைய குடும்பப் பெயரை நம் ஊரில் குப்பன் என்போம். அந்த இடத்துக்கு அருகே இன்று ஒரு பெரிய விளையாட்டரங்கம் அஞ்சலையின் பெயரால் நிற்கிறது. பந்தாட்டம் பார்க்கப் போகிற பையன்கள் நாள்தோறும் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சர்க்கரை விலை சரிந்தபோது பெரிய முதலாளிகள் ஓரத்து நிலங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். காசு சேர்த்து வைத்திருந்த பழைய கூலிகள் வாங்கினார்கள். இன்றுள்ள சிறு விவசாயிகள் அவர்களுடைய சந்ததியார். அப்படிப்பட்ட ஒருவரின் தோட்டத்தைப் பார்க்க வீட்டு அம்மாள் எங்களை அழைத்துப் போனார். சமுத்திரத்திலிருந்து கூப்பிடு தூரம். மணல் கலந்த மண். 'அர்ப்பான்' என்ற பிரெஞ்சுக் கணக்கில் இரண்டு. நம் கணக்கில் இரண்டு ஏக்கருக்குச் சிறிது கூட. வெங்காயம், மிளகாய், கத்தரி, தக்காளி. தோட்டக்காரருக்கு எழுபது வயது. கிரியோலும் போஜ்புரியும் பேசுவார். ஒவ்வொரு பாத்தியையும் குனிந்து தொட்டுக் காட்டினார். தக்காளிக்கு அங்கே 'பொம் தாமூர்' என்று பெயர். பிரெஞ்சில் அதற்குக் காதல் கனி என்று அர்த்தம். நான் மொழிபெயர்த்ததும் என் மனைவி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, சென்ற மழையில் பாதி அழுகிப் போனதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் தோட்டத்துக்கு இடப்புறம் ஒரு கரும்பு வயல் புதர் மண்டிக் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். சொந்தக்காரர் விட்டுவிட்டார், கரும்பு வெட்டும் கூலிக்குக்கூடக் கட்டவில்லையாம். இதன் காரணத்தைத் தேடினால் ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். 1975 முதல் ஐரோப்பியர் இந்தத் தீவின் சர்க்கரையைக் குறிப்பிட்ட அளவு, நல்ல விலைக்கு வாங்கி வந்தார்கள். 2006 தொடங்கி நாலு வருஷத்தில் அந்த விலையை 36 சதவிகிதம் குறைத்தார்கள். பழைய ஒப்பந்தமும் 2009-ல் முடிந்தது. பெரிய கம்பெனிகள் சக்கையை எரித்து மின்சாரம் செய்தன. உயர்தரச் சர்க்கரை செய்தன. நிலத்தில் பங்களாக்கள் கட்டி வெளிநாட்டுச் சீமான்களுக்கு விற்றன. இரண்டு அர்ப்பான்காரருக்கு இவற்றில் எதைச் செய்ய முடியும்? ஒரு காலத்தில் 250-க்கு மேற்பட்ட சர்க்கரை ஆலைகள் இருந்த தீவில் இன்று மிஞ்சியவற்றை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். ஆலைகள் குறைந்ததற்காக நான் அழப் போவதில்லை. ஆனால் கரும்பு போன இடத்தில் வெங்காயமும் கீரையும் வரவில்லையே என்பதுதான் விசனம்.

கிழவருக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவன் ஹோட்டலில் வேலை செய்கிறான். மற்றவன் உல்லாசக் கப்பலில். இவ்வளவு அருகில் இத்தனை ஹோட்டல்கள் இருக்கின்றனவே, உங்கள் காய்கறியை வாங்குவதில்லையா என்று கேட்டேன். வாங்கத் தயார்தானாம். ஆனால் ஒரே அளவாக, ஒரே நிறமாக, வருஷம் முழுவதும் ஒரே மாதிரி வேண்டுமாம். "மண்ணுக்கு அது தெரியாதே" என்றார். புறப்படும்போது அம்மா கையில் ஒரு பிடி பச்சை மிளகாய் பறித்துக் கொடுத்தார். பணம் வாங்கவில்லை.

அந்த ஹோட்டல்களின் முகத்தையும் பார்த்துவிடலாமென்று மாலையில் கடற்கரைக்குப் போனோம். பெல் மார் கரையின் அழகை நான் வர்ணிக்கப் புகுந்தால் பழைய சங்கதியாகிவிடும். வெள்ளை மணல், சவுக்குத் தோப்பு, முழங்காலளவு தெளிந்த நீர். குழந்தைகளைப் பயமின்றி விடலாம். தென்கரையில் கிரி-கிரி என்ற இடத்தில் மட்டும் பவழப் பாறை இல்லை. அங்கே சமுத்திரம் தன் சுய ரூபத்தைக் காட்டிக் குன்றின்மேல் மோதுகிறது. அதைப் பார்த்தால்தான் மற்ற கரைகளின் சாந்தம் யாருடைய உபகாரம் என்று புரியும்.

கரையோரமாக நடந்து ஒரு ஹோட்டலின் எதிரே வந்தோம். வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். சற்றே களைத்துப் போய் மணலில் உட்காரப் போனோம். சீருடை அணிந்த காவற்காரர் ஒருவர் வந்து, மரியாதையாகத்தான், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகச் சொன்னார். நான் எழுந்துவிட்டேன், நம் சுபாவம் அப்படி. வீட்டு அம்மாள் எழுந்திருக்கவில்லை. இந்தத் தீவில் அலை ஏறும் எல்லையிலிருந்து உள்ளே 81 மீட்டர் சொச்சத்துக்குக் கரை நெடுகச் சர்க்கார் நிலம். பிரெஞ்சு ராஜாக்கள் காலத்தில் கோட்டை கட்டவும் பீரங்கி வைக்கவும் ஐம்பது அடிவைப்பு தூரத்தை ஒதுக்கி வைத்தார்களாம். அந்தக் கணக்கே இன்றும் சட்டம். ஹோட்டல்காரர் அதைக் குத்தகைக்கு எடுக்கலாம். ஆனால் அலை நனைக்கும் மணல் எல்லாருக்கும் பொது. இதையெல்லாம் அந்த அம்மாள் காவற்காரரிடம் விஸ்தாரமாகச் சொல்லவில்லை. "அலை இங்கேதான் வருகிறது" என்று விரலால் கோடு கிழித்துக் காட்டி, கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, தூக்குப் பாத்திரத்தைத் திறந்தார். காவற்காரரும் அந்த ஊர்ப் பிள்ளைதான். சிறிது நேரம் நின்றார். எலுமிச்சம்பழச் சாதம் ஒரு கை வாங்கித் தின்றுவிட்டுப் போனார்.

குத்தகை ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகிறது, பொதுக் கரை சுருங்கிக்கொண்டே வருகிறது என்று தீவின் ஜனங்களுக்கு ஒரு பெரிய மனக்குறை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கடற்கரைக்கு வரும் கோலத்தைப் பார்த்தால் காரணம் புரியும். பாட்டி முதல் கைக்குழந்தை வரை மோட்டார் வண்டியில் ஏறி, அண்டா நிறையப் பிரியாணியுடன் சவுக்கு நிழலில் வந்து இறங்குகிறார்கள். 'ரவான்' என்ற ஆட்டுத்தோல் பறையை நெருப்பில் காய்ச்சித் தட்டுகிறார்கள். அடிமைகளிடமிருந்து வந்த 'சேகா' ஆட்டம் தொடங்குகிறது. முதல் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் மாமிகளும் பிறகு எழுந்து ஆடுகிறார்கள்.

தீவின் தென்கிழக்கில் மாயேபூர் என்ற பழைய பட்டணம். அங்கே மரவள்ளிக் கிழங்கு பிஸ்கோத்துச் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலை 1870-லிருந்து நடந்து வருகிறது. அடிமைகளுக்குத் தீனி போடுவதற்காக லபூர்தோனே என்ற பிரெஞ்சு கவர்னர் தருவித்த கிழங்கு, இன்று தேங்காய்ப்பூவும் இலவங்கப்பட்டையும் கலந்து காப்பியோடு தின்னும் பட்சணமாகிவிட்டது. கையிலிருந்த பொட்டலம் காலியாகும்வரை கடற்சுவரில் உட்கார்ந்திருந்தோம். எதிரே நீலநிறக் குடா. அந்தக் குடாவில் நடந்ததைத்தான் வீட்டு அம்மாள் எங்களுக்குச் சொன்னார்.

2020 ஜூலை 25-ந் தேதி 'வக்காஷியோ' என்ற ஜப்பானிய முதலாளிகளின் பெரிய சரக்குக் கப்பல் இங்கே பவழப் பாறையில் ஏறி நின்றுவிட்டது. ஏறக்குறைய நாலாயிரம் டன் எண்ணெய் அதில் இருந்தது. பன்னிரண்டு நாள் அப்படியே நின்றது. ஆகஸ்டு 6-ந் தேதி எண்ணெய் கசியத் தொடங்கிற்று. ஆயிரம் டன் வரை கடலில் கலந்தது. மண்டபத்தில் கூடி ஆலோசிக்க ஜனங்களுக்குப் பொறுமை இல்லை. கரும்புத் தோட்டங்களுக்கு ஓடிக் காய்ந்த சோகையை வண்டி வண்டியாகக் கொண்டு வந்தார்கள். பெண்கள் துணிகளைக் குழல் குழலாகத் தைத்தார்கள். அதில் சோகையைத் திணித்து, மிதப்பதற்குக் காலிப் பாட்டில்களைக் கட்டி, மைல் கணக்கில் நீண்ட மிதவைகள் செய்து எண்ணெயைச் சூழ்ந்து மறித்தார்கள். தலைமுடி எண்ணெயை உறிஞ்சும் என்று கேள்விப்பட்டுப் பலர் தங்கள் கூந்தலை வெட்டிக் கொடுத்தார்கள். வீட்டு அம்மாள் மூன்று நாள் தையல் யந்திரத்தை விட்டு எழுந்திருக்கவில்லையாம். "கரும்பு எங்கள் பாட்டனாருக்கு என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வாரம் மட்டும் எங்கள் பக்கம் நின்றது" என்றார்.

ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் அவர் எங்களுக்கு 'ஏழு கறி' விருந்து வைத்தார். தைப்பூசக் காவடிக்கு அங்கே பொது விடுமுறை. விரதம் முடிந்தபின் வாழையிலையில் சோறு போட்டுச் சுற்றிலும் ஏழு கறி வைப்பது வழக்கம். பூசணி, வாழைக்காய், கீரை என்று வரிசையாக வந்தன. கடைசியில் ஒரு டம்ளரில் 'ரஸோன்' வந்தது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "மிளகு கூடுதல்; பெருங்காயம் இல்லை" என்று தீர்ப்புச் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். "எங்கள் பாட்டி அப்படித்தான் செய்வாள்" என்றார் அந்த அம்மாள். அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

சாப்பாடு முடிந்ததும் இருவரும் அடுக்களையில் உட்கார்ந்து காய்கறிக் கூடையை எதிரே வைத்துக்கொண்டார்கள். அவர் ஒன்றை எடுத்துக் கிரியோலில் சொல்வார். அம்மா தமிழில் சொல்வாள். ஒத்துப் போனால் சிரிப்பு. ஒத்துப் போகாத முக்கியமான காய் ஒன்றே ஒன்று: அங்கே அதற்கு 'லாலோ' என்று பெயர். அம்மா, "வெண்டைக்காய்" என்றாள். அவர் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்து, பிரெஞ்சு எழுத்தில் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் நாங்கள் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது காய்கறி வண்டி வாசலில் வந்து நின்றது. வீட்டு அம்மாள் காகிதத்தைப் பாராமலே, கம்பீரமாக, "வெண்டைக்காய்!" என்று கேட்டார். வண்டிக்காரர் விழித்தார். அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வண்டிக்காரர் கூடையெல்லாம் துழாவிவிட்டுக் கடைசியில் ஒரு காயைத் தூக்கி, "லாலோ?" என்றார். "ஆமாம், அதுதான்" என்றார் அந்த அம்மாள். அரைக் கிலோ நிறுத்துப் போட்டுவிட்டு வண்டிக்காரர் அடுத்த வீட்டுக்குப் போனார்.